14 பேட்டிகளை எழுதி முடித்தாயிற்று, பகுப்பாய்வை எங்கிருந்து தொடங்குவது?

உளவியல் முதுகலை ஆய்வுக்காக, நினைவிழப்பு நோய் வந்த தாயையோ தந்தையையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 14 பேரிடம் பேட்டி எடுத்திருக்கிறீர்கள். ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதியும் முடித்துவிட்டீர்கள். வழிகாட்டி ‘கருப்பொருள் பகுப்பாய்வு செய்’ என்கிறார், அதாவது எல்லாப் பேட்டிகளிலும் ஓடும் பொதுவான பொருள்களைத் தேடச் சொல்கிறார். உடன் படிக்கும் தோழி ‘ஐ.பி.ஏ.தான் உளவியலுக்குப் பொருத்தம்’ என்கிறார்; ஒவ்வொருவரின் அனுபவத்தையும் ஆழ்ந்து விளக்கும் முறை அது. துறையில் இன்னொருவர் ‘எத்தனை பேர் சொன்னார்கள் என்ற எண்ணிக்கை இல்லாமல் இது எப்படி ஆய்வாகும்?’ என்று கேட்கிறார். எந்த முறை சரி, உட்கார்ந்து உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

முறையின் பெயரைத் தேடுவதற்கு முன் வேறொன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருவர் உங்களிடம் பேசியதை நீங்கள் என்னவாக எடுத்துக்கொள்கிறீர்கள்? அவர் மனதில் இருப்பதைத் தெரிவிக்கும் தகவலாகவா? அவர் வாழ்ந்து பார்த்த ஒன்றின் சாட்சியாகவா? உங்கள் முன்னால் அவர் பேச்சால் செய்யும் ஒரு செயலாகவா? தன் வாழ்க்கையை அவர் கோத்துச் சொல்லும் கதையாகவா? இதற்கு நீங்கள் சொல்லும் பதில்தான் முறையைத் தீர்மானிக்கும். நான் வாசித்த பல ஆய்வேடுகளில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. முறையியல் இயலில் ஒரு பெயர் இருக்கும், அடுத்த இயலில் அதற்குச் சம்பந்தமில்லாத வேலை நடந்திருக்கும். தேர்வாளர்கள் முதலில் கை வைப்பது அங்கேதான்.

விளக்குவதற்காக நானே உருவாக்கிய நான்கு வரிகளைத் தருகிறேன். ஒரு மகள் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்:

“அம்மா சில நேரம் என்னையே யாரோ மாதிரி பார்ப்பாங்க. முதல்ல அழுதேன். இப்போ பழகிடுச்சு. செய்யத்தானே வேணும், வேற யாரு இருக்கா?”

கருப்பொருள் பகுப்பாய்வு செய்பவர் இதற்குச் சில குறியீடுகள், அதாவது வரியின் பொருளைச் சுருக்கிச் சொல்லும் சிறு பெயர்கள், இடுவார். ‘தாயே அடையாளம் காணாத நிலை’, ‘அழுகை பழக்கமாக மாறியது’, ‘தவிர்க்க முடியாத கடமை’, ‘மாற்று ஆள் இல்லை’ என்பதுபோல. பிறகு மற்ற 13 பேரிடமும் இவற்றோடு சேர்ந்து நிற்பது எது, இவற்றுக்கு எதிராக நிற்பது எது என்று தேடுவார். அவர் கண் எப்போதும் எல்லாப் பேட்டிகளுக்கும் குறுக்கே ஓடும் பொருளின் மேல் இருக்கும்.

ஐ.பி.ஏ. செய்பவர் இந்த நான்கு வரியிலேயே நெடுநேரம் நின்றுவிடுவார். ‘என்னையே’ என்பதில் உள்ள ஏகாரம் அவரைப் பிடித்து நிறுத்தும். மற்றவர்களை மறந்தால் போகட்டும், என்னையுமா? மகள் என்று அறிந்த தாயே அறியாதபோது, நான் யாருடைய மகள்? அடுத்து, ‘பழகிட்டேன்’ என்று அவள் சொல்லவில்லை, ‘பழகிடுச்சு’ என்கிறாள். அழுதபோது ‘நான்’ இருந்தது; பழகியபோது ‘நான்’ இல்லை. அந்தப் பழக்கம் அவள் செய்ததா, அவளுக்கு நேர்ந்ததா? இப்படித்தான் அந்த வாசிப்பு போகும்.

சொல்லாடல் பகுப்பாய்வு செய்பவருக்கு அவள் மனதுக்குள் என்ன இருந்தது என்பதில் அக்கறை குறைவு. ‘வேற யாரு இருக்கா?’ என்ற கேள்வி அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பார். அதற்குச் சற்று முன் நீங்கள் என்ன கேட்டீர்கள்? ‘கஷ்டமாக இல்லையா?’ என்று கேட்டிருந்தால், அவள் தன்னைக் குறை சொல்பவளாகக் காட்டிக்கொள்ளாமலே சுமையைச் சொல்லிவிடுகிறாள். வராத உடன்பிறந்தவர்கள் யாராவது இருந்தால், பெயர் சொல்லாமலே அவர்களையும் சுட்டிவிடுகிறாள்.

கதையாடல் வழியில் போகிறவர் ‘சில நேரம்’, ‘முதல்ல’, ‘இப்போ’ என்ற காலச் சொற்களைக் கோத்துப் பார்ப்பார். அழுகைக்கும் பழக்கத்துக்கும் நடுவே ஒரு திருப்பம் இருந்திருக்க வேண்டும், அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் தாண்டிய இடமும் கதையின் பகுதிதான். தரவிலிருந்தே ஒரு கோட்பாட்டைக் கட்டியெழுப்பும் கிரவுண்டட் தியரி செய்பவருக்கோ ‘பழகுதல்’ ஒரு நிகழ்முறையாகத் தெரியும். எந்தச் சூழலில் பழகுகிறது, எந்தப் படிகளில், யாருக்குக் கடைசிவரை பழகவே இல்லை என்று கேட்பார். அப்புறம் அந்தப் பழகாதவர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுப்பார்.

ஐந்து வாசிப்பும் சரியானவைதான். ஆனால் ஐந்தையும் கலந்து ஒரே ஆய்வேட்டில் ஊற்ற முடியாது, ஏனென்றால் பேச்சைப் பற்றிய அவற்றின் அடிப்படை நம்பிக்கைகள் வேறு வேறு.

இனி உங்கள் தரவுக்கு வருவோம். கிரவுண்டட் தியரியை முதலில் ஒதுக்கிவிடலாம். பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் மருத்துவமனைகளில் இறந்துகொண்டிருந்த நோயாளிகளைச் சுற்றி நடப்பதை ஆய்ந்தபோது உருவாக்கி, 1967-இல் விரிவாக எழுதிய முறை அது. அதன் உயிர்நாடி, தரவு சேகரிப்பும் பகுப்பாய்வும் சேர்ந்தே நடப்பது. இரண்டு மூன்று பேட்டி எடுத்தவுடன் பகுத்துப் பார்த்து, அதில் கிடைத்த ஐயத்தைத் தீர்க்கக்கூடிய அடுத்த ஆளைத் தேடிப் போக வேண்டும். நீங்கள் 14 பேட்டியையும் எடுத்து முடித்தபின் யோசிக்கிறீர்கள். இப்போது கிரவுண்டட் தியரி என்று பெயர் வைத்தால் அது உண்மையாக இருக்காது. அதில் வரும் குறியிடும் உத்திகளைக் கடன் வாங்கலாம், தவறில்லை. அப்படிக் கடன் வாங்கினேன் என்று எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஐ.பி.ஏ. என்பது ஜோனதன் ஸ்மித் 1990-களின் நடுவில் முன்வைத்த அனுபவ விளக்க முறை. ஒருவருக்கு ஒரு பெரிய அனுபவம் நேர்கிறது, அதற்கு அவர் பொருள் தேடுகிறார், அவர் பொருள் தேடுவதற்கு ஆய்வாளர் பொருள் தேடுகிறார். இந்த இரட்டை விளக்கம்தான் அதன் அடித்தளம். ஒவ்வொரு ஆளையும் தனித்தனியே முழுமையாக முடித்த பிறகே அடுத்தவரைத் தொட வேண்டும். அதனால்தான் முதுகலை ஆய்வுக்கு 3 முதல் 6 பேர் போதும் என்று அந்த முறையை வளர்த்தவர்களே சொல்கிறார்கள். 14 பேரை அந்த ஆழத்தில் செய்ய ஒரு கல்வியாண்டு போதாது. ஐ.பி.ஏ. என்ற பெயரில் மேலோட்டமான தலைப்புப் பட்டியல்தான் மிஞ்சும். தோழி சொன்னபடி போகத்தான் வேண்டும் என்றால், ஒத்த நிலையில் உள்ள ஐந்து பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, பெற்றோர் தன்னை அடையாளம் காணாத கட்டத்தில் இருக்கும் மகள்கள். அப்போது மற்ற ஒன்பது பேர் உங்களுக்குக் கொடுத்த நேரத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதற்கும் பதில் வேண்டும்.

சொல்லாடல் பகுப்பாய்வு உளவியலுக்குள் வேரூன்ற, ஜோனதன் பாட்டரும் மார்கரெட் வெதரலும் 1987-இல் எழுதியது பெரிய காரணம். அதற்கு உங்கள் எழுத்துப்படி போதாது என்று நினைக்கிறேன். அந்த முறையில் உங்கள் கேள்விகளும் தரவுதான். இடைவெளி, தயக்கம், சிரிப்பு, ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் பேச்சு ஏறுவது எல்லாம் பதிவாகியிருக்க வேண்டும். பேச்சு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படி மாறி மாறிப் போகிறது என்று பார்க்கும் உரையாடல் பகுப்பாய்வுக்குப் போனால் இன்னும் நுணுக்கம். கெய்ல் ஜெஃபர்சன் வகுத்த குறிமுறையில் மௌனத்தைக்கூட நொடியில் பத்தில் ஒரு பங்குவரை குறிப்பார்கள். தரவைப் பிரிவுகளில் போடும் உள்ளடக்கப் பகுப்பாய்வும், அதை ஆள்வாரியாக அட்டவணையில் அடுக்கும் சட்டகப் பகுப்பாய்வும் முன்கூட்டியே தெளிவான கேள்விகள் உள்ள, பலர் சேர்ந்து வேலை செய்யும் திட்டங்களுக்கு நன்றாகப் பொருந்தும். உங்களுக்கு அவை இப்போது தேவையில்லை.

ஆக, வழிகாட்டி சொன்னதே உங்களுக்குச் சரி. ஆனால் அது சுலபமான முறை என்ற எண்ணத்தோடு தொடங்காதீர்கள். வர்ஜீனியா பிரவுன், விக்டோரியா கிளார்க் இருவரும் 2006-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் கருப்பொருள் பகுப்பாய்வு உளவியலில் இவ்வளவு பரவியது. அதில் ஆறு கட்டங்கள் உண்டு: தரவோடு பழகுவது, குறியிடுவது, கருப்பொருள்களைக் கட்டுவது, அவற்றைத் தரவோடு வைத்துச் சரிபார்ப்பது, பெயரிட்டு வரையறுப்பது, எழுதுவது. பலர் இதைச் சமையல் குறிப்புபோல் பின்பற்றியதைப் பார்த்து, பின்னாளில் அவர்களே ஆய்வாளரின் பங்கை அழுத்திச் சொல்லி, தங்கள் முறையைத் ‘தன்னுணர்வுள்ள’ கருப்பொருள் பகுப்பாய்வு என்ற பொருளில் வேறு பெயரிட்டு அழைத்தார்கள். கருப்பொருள் தரவுக்குள் புதைந்து கிடந்து தானாக மேலெழுவதில்லை, ஆய்வாளர்தான் அதை உருவாக்குகிறார் என்பது அவர்கள் நிலைப்பாடு. எனவே உங்கள் ஆய்வேட்டில் ‘கருப்பொருள்கள் வெளிப்பட்டன’ என்று எழுதாதீர்கள். ‘உருவாக்கினேன்’ என்று எழுதுங்கள், எப்படி என்றும் எழுதுங்கள்.

நடைமுறையில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தலைப்புக்கும் கருப்பொருளுக்கும் உள்ள வேறுபாடு அது. ‘பராமரிப்பாளர்களின் உணர்வுகள்’ என்பது தலைப்பு. அதற்குள் எதைப் போட்டாலும் அடங்கும். ‘துக்கப்பட அனுமதி இல்லை, ஏனென்றால் ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார்’ என்பது கருப்பொருள். அதில் ஒரு வாதம் இருக்கிறது. ஒரு பேட்டி அதற்கு இடம் தரும், இன்னொன்று மறுக்கும். என் முதல் ஆய்வில் நான் எழுதியவை எல்லாம் தலைப்புகள்தான். என் பேட்டிக் கேள்விகளின் பட்டியலையும் என் ‘கருப்பொருள்’ பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒன்றாகவே இருந்தன. மூன்று மாத வேலையை மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. ஆகவே, ஒவ்வொரு கருப்பொருளையும் ஒரு முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். வாக்கியமாக வரவில்லை என்றால் அது இன்னும் தலைப்பு நிலையிலேயே இருக்கிறது.

சரி, உட்கார்ந்து செய்யும் வேலை. குறியிடத் தொடங்கும் முன் எல்லாப் பேட்டிகளையும் ஒருமுறையாவது ஒலிப்பதிவோடு சேர்த்துக் கேளுங்கள். எழுத்தில் ‘பழகிடுச்சு’ என்று மட்டும்தான் இருக்கும். குரலில் அது பெருமூச்சோடு வந்ததா, சிரிப்போடு வந்ததா என்பது பொருளையே மாற்றிவிடும். எழுத்துப்படியில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் குறியிடல். ஒரு குறியீடு, அந்த வரியைப் பார்க்காமலே அதில் என்ன இருந்தது என்று நினைவூட்ட வேண்டும். ‘கவலை’ என்ற குறியீடு எதையும் நினைவூட்டாது. ‘தானும் இப்படி ஆகிவிடுவோமோ என்ற கவலை’ நினைவூட்டும். ஒரு வரிக்கு இரண்டு மூன்று குறியீடுகள் வரலாம். சில பக்கங்களுக்கு ஒன்றுமே வராமலும் போகலாம். எல்லாப் பேட்டிக்கும் ஒருமுறை முடித்த பிறகு, வரிசையை மாற்றி இரண்டாம் முறை செய்யுங்கள். முதல் பேட்டிக்கு நீங்கள் இட்ட குறியீடுகள் கடைசிப் பேட்டியைப் படிக்காதவர் இட்டவை. அவை கட்டாயம் மாறும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. பேட்டி எந்த மொழியில் நடந்ததோ அந்த மொழியிலேயே குறியிடுங்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றாலும், மொழிபெயர்ப்பைக் கடைசியில், மேற்கோள் காட்டும் வரிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள ‘செய்யத்தானே வேணும்’ என்பதில் யார் செய்ய வேண்டும் என்பதே இல்லை. ஆங்கிலத்துக்குப் போனால் ‘நான்’ என்றோ ‘நாம்’ என்றோ ஒருவரைப் போட்டாக வேண்டியிருக்கும். அந்த ஒரு சொல்லால், கடமை ஆளைத் தாண்டி நிற்கும் உணர்வு காணாமல் போய்விடும். ‘தானே’ என்பது கேட்பவரின் ஒப்புதலையும் கூடவே இழுத்துக்கொள்கிறது. அதுவும் மொழிபெயர்ப்பில் தங்காது. முதலில் மொழிபெயர்த்துவிட்டுப் பகுப்பது, தரவின் பாதியைப் பகுப்பதற்கு முன்பே இழப்பதுதான்.

குறியிடும்போதே பக்கத்தில் ஒரு குறிப்பேடு வையுங்கள். ஏன் இந்த இரண்டு குறியீடுகளைச் சேர்த்தேன், எந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது, யாருடைய பேட்டியைத் திறக்கவே மனம் வரவில்லை என்று தேதி போட்டு எழுதுங்கள். நீங்களும் வீட்டில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொண்டவராக இருந்தால் அதையும் எழுத வேண்டும், ஏனென்றால் அது உங்கள் வாசிப்பைச் சாய்க்கும். சாயாத வாசிப்பு என்று ஒன்று இந்த முறையில் இல்லை. எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று தெரிந்து வாசிப்பதும் தெரியாமல் வாசிப்பதும்தான் உண்டு. பின்னால் முறையியல் இயலை எழுத உட்காரும்போது உங்களைக் காப்பாற்றப் போவது இந்தக் குறிப்பேடுதான்.

எண்ணிக்கை கேட்ட நண்பருக்கு என்ன சொல்வது? 14 பேரில் 9 பேர் என்பதை 64 விழுக்காடு என்று எழுதினால், ஒரு மக்கள்தொகையைப் பற்றி ஏதோ சொல்வதுபோன்ற தோற்றம் வரும். உங்கள் 14 பேர் குலுக்கலில் வந்தவர்கள் இல்லை. அதோடு, நீங்கள் கேட்காததாலேயே ஒருவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லாதது இல்லாததாகிவிடாது. ஒரே ஒருவர் சொன்ன ஒரு வரி மற்ற பதின்மூன்று பேரின் பேச்சையும் புரியவைக்கும் திறவுகோலாக அமைவதுண்டு. அதேபோல, இரண்டு பேர் தனித்தனியே குறியிட்டு, அவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கோஹென் காப்பா கணக்கிடச் சொல்வார்கள். ஜேக்கப் கோஹென் 1960-இல் தந்த அந்த அளவை, முன்கூட்டியே வகுத்த பிரிவுகளில் தரவைப் போடும் உள்ளடக்கப் பகுப்பாய்வுக்குப் பொருத்தமானது. வாசிப்பவரின் விளக்கமே கருவியாக உள்ள முறையில், இருவரும் அப்படியே ஒத்துப்போனார்கள் என்றால் இருவரும் மேலோட்டமாகவே வாசித்தார்கள் என்றுகூட அதற்குப் பொருள் இருக்கலாம். குறியிட்டதை இன்னொருவரிடம் காட்டுங்கள், ஆனால் நீங்கள் பார்க்கத் தவறியதை அவர் காட்டுவதற்காகக் காட்டுங்கள்.

‘நிறைவு நிலை எட்டப்பட்டது’, அதாவது இனி பேட்டி எடுத்தாலும் புதிதாக ஒன்றும் கிடைக்காது, என்ற வாக்கியத்தையும் பழக்கத்துக்காக எழுதாதீர்கள். அந்தக் கருத்து கிரவுண்டட் தியரியிலிருந்து வந்தது. 12 பேட்டி போதும் என்று எல்லோரும் காட்டும் எண், 2006-இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் மேற்கு ஆப்பிரிக்காவின் இரண்டு நாடுகளில் பெண்களிடம் எடுத்த 60 பேட்டிகளை ஆய்ந்து எழுதியதிலிருந்து வருவது. ஓரளவு ஒரே மாதிரியான மக்களிடம், ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்டபோது கிடைத்த எண் அது. உங்கள் 14 ஏன் போதும் என்பதற்கு உங்கள் தரவின் செறிவிலிருந்து காரணம் காட்டுங்கள்.

என்விவோ, அட்லஸ்.டிஐ, மேக்ஸ்கியூடிஏ போன்ற மென்பொருள்கள் குறியீடுகளை அடுக்கி வைக்கவும், தேடவும், ஒரே குறியீட்டின் கீழ் உள்ள வரிகளை ஒன்றாகப் பார்க்கவும் உதவும். பகுப்பாய்வை அவை செய்வதில்லை. 14 பேட்டிக்குக் காகிதமும் வண்ணப் பேனாவும் போதும், எனக்கு இன்றும் அதுதான் பிடித்தம். செயற்கை நுண்ணறிவுச் சேவைகளில் எழுத்துப்படியை ஏற்றிக் கருப்பொருள் கேட்கலாமா என்றும் நீங்கள் யோசித்திருப்பீர்கள். உங்கள் ஒப்புதல் படிவத்தில் அப்படி ஒரு வெளிச் சேவைக்குத் தருவோம் என்ற வரி இல்லையென்றால் செய்யக் கூடாது. தாய் தன்னை மறந்துவிட்டாள் என்று ஒருவர் உங்களை நம்பித்தான் சொன்னார். வரி இருந்தாலும், அங்கே கிடைப்பது பெரும்பாலும் நேர்த்தியான தலைப்புகளாகத்தான் இருக்கும். ‘என்னையே’ என்ற ஏகாரத்தில் நின்று யோசிக்கும் வேலை உங்களுடையது.

எழுதும்போது மேற்கோள்களை அடுக்கிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். மேற்கோள் தானே பேசாது. ஒரு மேற்கோள் வந்தால், அதில் நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று அதைவிட நீளமாக எழுத வேண்டும். உங்கள் கருப்பொருளுக்கு எதிராக நிற்கும் ஆளை மறைக்காதீர்கள். எல்லோரும் சுமை என்றபோது ஒருவர் ‘இந்த ரெண்டு வருஷம்தான் அப்பாவோட நிஜமா இருந்தேன்’ என்று சொல்லியிருந்தால், அவர் பேட்டியை இன்னொருமுறை எடுத்துப் படியுங்கள். அவரையும் சேர்த்து விளக்கும்படி கருப்பொருளை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும், மாறிய வடிவம் முன்னதைவிடக் கூர்மையாகவும் இருக்கும். அடையாளம் மறைப்பதில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. தொழில், உடன்பிறந்தோர் எண்ணிக்கை, நோய் தெரியவந்த விதம் மூன்றும் சேர்ந்தால் உறவினர் ஒருவர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

முதலில் எந்தப் பேட்டியை எடுப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். உங்களை மிகவும் உலுக்கியது எதுவோ அதை எடுக்க வேண்டாம், அது மற்ற 13 பேட்டிகளையும் தன் நிறத்தில் காட்டத் தொடங்கிவிடும். குறைவாகப் பேசியவர், ஒற்றை வரியில் பதில் சொன்னவர், ‘இதில் ஒன்றும் இல்லை’ என்று நீங்கள் ஒதுக்கி வைத்த அந்தப் பேட்டியை எடுங்கள். அவர் எங்கெல்லாம் நிறுத்தினார் என்று ஒலிப்பதிவில் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.